இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி

பெரம்பலூரிலிருந்து ஆலத்திமேட்டுக்குப் பத்து இருபதுக்குக் கிளம்பும் டவுன் பஸ்ஸில் தமயந்திக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்த பிறகுதான், கிடைக்காமல் போயிருந்தால் தேவலை என்று தோன்றியது. நின்றுகொண்டு போனால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தோள்பையை இறுக்கிக்கொள்ள வேண்டும், இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். மனசு அதிலேயே போய்விடும். உட்கார்ந்துவிட்டால் ஐம்பது நிமிடமும் தன்னோடு தானே இருந்தாக வேண்டும். மடியில் பை. பைக்குள் ஃபைல். ஃபைலுக்குள் அறுபத்திரண்டு கேள்விகள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களுக்கு அதன்பிறகு எது துணையாக நிற்கும் என்று கண்டறியும் ஆராய்ச்சியில் அவள் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். அலுவலகம் திருச்சியில், அலைச்சல் எல்லாம் சுற்றியுள்ள மாவட்டங்களின் ஆஸ்பத்திரிகளில். அப்படிப் பிழைத்த ஒருவர் பின்னால் இறந்துபோனால், வீட்டாருக்கு மூன்று மாதம் அவகாசம் விட்டு, யாராவது நேரில் போய் அந்த அறுபத்திரண்டையும் கேட்டு எழுதி வர வேண்டும். கொளஞ்சிநாதன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மீதி இரண்டு மாதத்தையும் தள்ளிப்போட்டவள் அவள்தான். காய்ச்சல் என்றாள், மகளுக்குப் பரீட்சை என்றாள், அந்தப் பக்கம் பஸ் சரியில்லை என்றுகூட ஒருமுறை சொன்னாள். போன திங்கட்கிழமை டாக்டர் ஆசீர், "வேணும்னா வேற ஆளை அனுப்பட்டுமா தமயந்தி?" என்று கேட்டார். ஆராய்ச்சியின் தலைவர் அவர். அதட்டியிருக்கலாம், இரக்கமாகத்தான் கேட்டார். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. "நானே போறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். வேறு ஆள் போனால் நாற்பத்தோராவது கேள்விக்கு வேறு ஆள்தான் பதில் எழுதிக்கொண்டு வரும்.

நாற்பத்தோராவது கேள்வி, கடைசி இரண்டு வாரங்களில் அவர் யாரிடமாவது உதவி கேட்டாரா, கேட்டார் என்றால் யாரிடம், அவர்கள் என்ன செய்தார்கள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கியதே அவள்தான். முதலில் 'உதவி நாடினாரா' என்றுதான் இருந்தது, நாடினாரா என்றால் எந்த வீட்டில் புரியும், கேட்டாரா என்று போடுங்கள் என்று அரை நாள் சண்டை போட்டு மாற்றினாள். ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாள். இப்போது அந்தச் சொல்லே குறுக்கே நிற்கிறது. கேட்டாரா. 'மேடம், ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் போட்டேன்' என்று கொளஞ்சி போனில் சொன்னது கேட்டதாக ஆகுமா, ஆகாதா? நாடினார் என்று வேண்டுமானால் சொல்லலாம், கேட்கவில்லை, கேட்கவில்லையே, எனக்கு உதவி பண்ணுங்க என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லையே. அவர் சொல்லாததை அவள் எப்படி... இல்லை. சும்மா யார் போன் போடுவார்கள்? ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை பார்த்த பொம்பளைக்கு, கையெழுத்துப் போட்ட காகிதத்தின் அடியில் இருந்த நம்பரைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குச் சும்மா யார் போடுவார்கள்? அந்த நேரத்தில் அவள் தில்லைநகரில் டெய்லர் கடையில் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் நேரம்தான். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ரவிக்கை. டெய்லரம்மா கைக்கு அளவெடுக்க, 'கையைத் தூக்குங்க' என்றாள். ஒரு கையைத் தூக்கியபடி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவர் பேரைச் சொன்னதும், சொல்லுங்க கொளஞ்சி என்றாள். உடம்பு எப்படி இருக்கு என்றாள். இருக்குதுங்க, தூக்கம்தான் இல்ல என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. அந்தப் பக்கம் காற்று அடித்துக்கொண்டிருந்தது, மக்காச்சோளத் தட்டை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பேசாமல் இருக்கிற ஆளிடம் நாமும் பேசாமல் இருக்க வேண்டும், அவசரப்பட்டு அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அவள் நிரப்பினாள். கார்டு வச்சிருக்கீங்கல்ல, அதுல ஒரு நம்பர் இருக்கு, எப்ப கூப்பிட்டாலும் பேசுவாங்க, அதுக்குக் கூப்பிடுங்க, சரியா? சரிங்க மேடம். மேடம் வேலையா இருக்கீங்களா? கொஞ்சம் வெளியில இருக்கேன். சரிங்க, வச்சிடுறேன். வச்சிடுறேன் என்று சொன்னாரே தவிர அவர் வைக்கவில்லை. காற்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வைத்தவள் அவள். கைச்சுற்றளவு பதினொன்றரை என்று டெய்லரம்மா எழுதிக்கொண்டாள்.

பஸ் பைபாஸைத் தாண்டிக் கிழக்கே திரும்பியது. வெயில் இந்தப் பக்கம் வந்து முழங்கையைச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை. கொளஞ்சி இரண்டாவது குழு. பிழைத்து வார்டில் கிடப்பவர்களிடம் சம்மதம் வாங்கியதும் கம்ப்யூட்டர் அவர்களை இரண்டாகப் பிரித்துவிடும். முதல் குழுவுக்கு ஆறு மாதம் வாரம் தவறாமல் போன், மாதம் ஒருமுறை நேரில் பார்ப்பது. இரண்டாவது குழுவுக்கு ஆஸ்பத்திரி வழக்கமாகக் கொடுக்கிற சிகிச்சையும் ஒரு மஞ்சள் கார்டும். யார் எதில் விழுவார்கள் என்பது யார் கையிலும் இல்லை. இது நியாயமா என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறாள். "போன் பண்றதுனால நல்லது நடக்குதான்னு நமக்கு இன்னும் தெரியாதும்மா, தெரிஞ்சா எல்லாருக்கும் பண்ணிடலாம், தெரியாததனாலதான் ஆராய்ச்சி" என்றார் டாக்டர். சரிதான். அவர் பொய் சொல்லவில்லை. நாமாகப் போய் இரண்டாம் குழுவோடு பேசிக்கொண்டிருந்தால் கணக்குக் கெட்டுப்போகும் என்பதும் சரிதான். ஆனால் அதே விதிப்புத்தகத்தில், அதே பக்கத்தில், தடித்த எழுத்தில் இன்னொன்றும் உண்டு: ஆபத்தில் இருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் குழுவையெல்லாம் பார்க்க வேண்டாம், முதலில் ஆளைப் பார். ஆபத்தா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பது. செத்துப்போகணும்னு நினைப்பு வருதா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல் ஆகிவிடாதா என்று கிராம நர்ஸுகள் ஒவ்வொரு பயிற்சியிலும் கேட்பார்கள். ஆகாது என்று அவள் சொல்வாள், மனசுக்குள்ளேயே வச்சுப் புழுங்கிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, அப்பாடா ஒருத்தர் கேட்டாங்களேன்னுதான் இருக்கும். சொல்லிவிட்டு இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருத்தரையொருத்தர் கேட்கச் சொல்வாள். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மறுபடி கேட்கச் சொல்வாள். கொளஞ்சியிடம் அவள் கேட்கவில்லை. விதி என்று ஐந்து மாதமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். விதியில்லை. கேட்டால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்றிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் கையை இறக்க வேண்டும், கடையை விட்டு வெளியே வர வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும், வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். இத்தனையும் ஒரே நொடியில் அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒன்பது நாள் கழித்து அவர் இறந்தார்.

"எந்த ஊருங்க போறீங்க?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், காலடியில் வைத்திருந்த சின்ன வெங்காய மூட்டை சரியாமல் பாதத்தால் அணைத்துக்கொண்டு கேட்டாள். "ஆலத்திமேடு" என்றாள் தமயந்தி. "அங்க யாரூடு?" பேர் சொல்லக் கூடாது. "ஆஸ்பத்திரி வேலையா போறேம்மா." "ஓ, ஊசி போடுறவங்களா" என்று அந்த அம்மாள் தானே முடிவு கட்டிக்கொண்டாள். தமயந்தி ஆமாம் என்று தலையாட்டினாள். பொய் எவ்வளவு லேசாக வருகிறது. செய்தி வந்த அன்றும் இப்படித்தான். "நடுவுல அவர்கிட்டயிருந்து நமக்கு ஏதாச்சும் தொடர்பு இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார், "இல்ல சார்" என்றாள், மூச்சுகூட மாறவில்லை. அதன்பின் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. போனை எடுத்து அந்த அழைப்பைப் பார்த்தாள், இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. அழித்துவிடலாம் என்று விரல் போனது, அழிக்கவில்லை. அழிக்காததை ஒரு யோக்கியதை மாதிரி பல நாள் வைத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் எழுதவும் இல்லை. எத்தனை வீடுகளில் உட்கார்ந்து, உங்க மேல தப்பு இல்லைங்க, ஒருத்தர் இப்படிப் போறதுக்கு ஒரே ஒரு காரணம்னு இருக்காதுங்க என்று சொல்லியிருப்பாள். மெய்யாகவே அப்படித்தான். கொளஞ்சிக்கும் எத்தனையோ. போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போய்க் குழாய் இறக்குகிற வேலை, வடக்கே எங்கேயோ இயந்திரத்தில் சிக்கி வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போனது, அதோடு வேலை போனது, தூக்கம் போனது, குடி வந்தது. வார்டில் முதன்முதலாகப் பார்த்தபோது சம்மதக் காகிதத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணலாக வந்துவிட்டது என்று, "இன்னொரு காயிதம் குடுங்க மேடம், நல்லா போட்டுத் தாரேன்" என்றார். இதுவே போதும் என்று வாங்கிக்கொண்டாள். அப்போதும் அவசரம், மாடியில் இன்னொரு ஆள் இருந்தார். அந்தக் காரணங்கள் எல்லாம் வரிசையாக நிற்கட்டும், அவளை அவை மன்னிக்கவில்லை. அவள் பேசியிருந்தாலும் அவர் போயிருக்கலாம். அதுவும் மெய்தான். பேசியிருந்தால் போகாமலும் இருந்திருக்கலாம், இனிமேல் எந்த ஆராய்ச்சி செய்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் மனைவி பவுனாம்பாளுக்குத் தெரியுமா? தெரிந்தால் என்ன சொல்வாள்? வெளியே போடி என்பாளா? சொன்னால் நல்லது. ஆனால் அவள் ஒன்றும் தெரியாமல், வாங்க மேடம் உட்காருங்க என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தால், அதைக் குடிக்க வேண்டியிருக்குமே. கேள்வியை வேகமாகக் கேட்டால் 'இல்லைங்க' என்றுதான் வரும், இல்லை என்று டிக் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் எந்த... ச்சீ. என்ன மனசு இது.

ஆலத்திமேட்டில் இறங்கி, கேட்டுக்கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். ஓட்டு வீடு. வாசலில் மக்காச்சோளக் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. பவுனாம்பாள் அதன் நடுவில் உட்கார்ந்து கதிரைத் திருகி முத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன. போனிலேயே சொல்லியிருந்ததால் யார் என்று கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தமயந்தி குடித்தாள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லி ஆரம்பித்தாள். வயது, படிப்பு, வேலை, கை, தூக்கம், குடி. பவுனாம்பாள் கையை நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். நாற்பது வரை அப்படியே போனது.

"கடைசி ரெண்டு வாரத்துல அவரு யாருகிட்டயாச்சும் உதவி கேட்டாரா பவுனு?"

பவுனாம்பாள் கதிரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். கண்ணாடியில் விரிசல் விட்ட ஒரு போனோடு வந்தாள். "இதுல 'ஆஸ்பத்திரி மேடம்'னு போட்டு வச்சிருக்காரு. அது நீங்கதானே?"

"நான்தான்."

"ரெண்டு நிமிசம் பதினாலு செகண்டுன்னு காட்டுது. அஞ்சு மாசமா பார்த்துக்கிட்டே இருக்கேன், அதுக்குள்ள என்னா பேசியிருப்பாருன்னு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே பவுனு."

"பயம்ங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருப்பாரோன்னு. குடிச்சுட்டு வந்தா நானும் கண்டபடி பேசியிருக்கேன்."

உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னாரு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணுக்கும் ஆறுதலாக இருக்கும். இதற்கு மேல் அந்த மனிதனின் வாயில் ஒரு சொல்லை வைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று தமயந்தி அதை விழுங்கினாள். "உங்களைப் பத்தி எதுவும் சொல்லல" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அவர் சொன்னது, இவள் சொன்னது, நடுவில் இருந்த காற்றுச் சத்தம், வேலையா இருக்கீங்களா என்று அவர் கேட்டது, இவள் நின்றுகொண்டிருந்த இடம், போனை வைத்தது யார் என்பது. நினைத்து நினைத்துத் தேய்ந்திருந்ததால் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

"ரவிக்கை தைக்கவா?" என்றாள் பவுனாம்பாள்.

"ஆமா."

பவுனாம்பாள் ஒரு கதிரை எடுத்தாள், திருகாமல் திரும்ப வைத்தாள். "உங்க மேல கோவமா வருதுங்க."

"வரட்டும் பவுனு. வரத்தான் வேணும்."

"எங்கிட்டயும் அன்னிக்கு வந்தாருங்க. அதே செவ்வாய்க்கெழமதான். வெங்காயக் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தேன். வந்து வரப்புல நின்னாரு. என்னாய்யா இந்நேரத்துலன்னேன். ஒண்ணுமில்லன்னாரு. வெயில்ல நிக்காத, ஊட்டுக்குப் போய்ப் படுன்னேன். போயிட்டாரு. நான் நிமிந்துகூடப் பாக்கலைங்க." அவள் அழவில்லை. முகம் வறண்டிருந்தது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்ததையும் புடவை தோளில் நிற்காமல் சரிந்ததையும் தமயந்தி அப்போதுதான் பார்த்தாள். ஒரு மணி நேரமாக எதிரில் இருந்தவளை, கேள்விக்கும் பேனாவுக்கும் நடுவில் பார்க்கவே இல்லை. உங்க தப்பு இல்லைங்க என்ற வாக்கியம் வாய்வரை வந்தது. பழகிய வாக்கியம், அது இப்போது வேண்டாம். பேனாவை மூடினாள். பயமாகத்தான் இருந்தது, தில்லைநகர்க் கடையில் இருந்த அதே பயம்.

"பவுனு, உங்களுக்குச் செத்துப்போகணும்னு நினைப்பு வருதா?"

பவுனாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலுக்கு அப்பால் ஒரு டிராக்டர் போய் மறைந்தது.

"வருதுங்க."

தமயந்தி பேசாமல் இருந்தாள்.

"காலையில புள்ளைங்க பள்ளிக்கூடம் போனதும் வரும். அதுங்க வந்துட்டா கொஞ்சம் போயிடும். இப்பல்லாம் வந்தாலும் போகமாட்டேங்குது. யாருகிட்டங்க சொல்றது? சொன்னா, ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு என்னாடி பேச்சு இதுன்னு திட்டுவாங்க." சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மதியம் தாண்டி நிழல் வாசற்படி வரை வரும்வரை சொன்னாள். நடுவில் அழுதாள், அழுதபடியே கொஞ்சம் சிரித்தாள், பெரியவள் அப்பனைப் போலவே இடது கையால் எழுதப் பழகுகிறாளாம். எப்போது, எவ்வளவு பலமாக, ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறாளா என்றெல்லாம் தமயந்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க, இது ஒன்றும் பெரிய வித்தை இல்லையே, கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கொளஞ்சிக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம்.

பவுனாம்பாளின் சம்மதத்தோடு, அடுத்த தெருவிலிருந்து அவள் நாத்தனார் செல்வாம்பாளைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்து, ராத்திரி தனியாக விட வேண்டாம் என்று விளக்கிச் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. "ஏண்டி எங்கிட்ட சொல்லல" என்று பவுனாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஆசீருக்குப் போன் செய்தபோது நாளைக் காலை பத்து மணிக்கே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொன்னார். வைக்கப் போனவரை, "சார், இன்னொண்ணு" என்று நிறுத்தினாள். "கொளஞ்சி எனக்குப் போன் பண்ணினாரு. நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்." "நாளைக்கு வந்து எழுதிக் குடுத்துடுங்க" என்றார், குரலில் இரக்கம் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் வேலை இருக்குமா என்று அவள் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை பவுனாம்பாள் கூடவே வந்தாள். தூரத்தில் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தபோதுதான் கேட்டாள்.

"மேடம், நான் போன் போட்டா எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"வேலையா இருந்தா?"

"எடுப்பேன் பவுனு."

பவுனாம்பாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா என்று சொல்ல முடியவில்லை. பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "காலையில எட்டரைக்கு ஒரு பஸ் இருக்குங்க, நானும் செல்வாவும் அதுல வந்துடுறோம்" என்றாள்.